மைக்கக்காவின் இடது கால்

அந்த கிளினிக்கில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால், முதலில் வாயைத் திறப்பது எடை மெஷின்தான். நம் பெயர் அதற்குப் பிறகு. நோவு அதற்கும் பிறகு. மெஷின் பக்கத்தில் நிற்கும் அட்டெண்டர் அம்மா குனிந்து முள்ளைப் பார்த்து, ஏலம் விடுகிறவள் மாதிரி எண்ணைக் கூவுவாள். கூவிய எண்ணைச் சீட்டின் உச்சியில் எழுதி, அதன் கீழே ஒரு கோடும் போடுவாள். அந்தச் சீட்டுதான் டாக்டரின் மேஜைக்கு முதலில் போகும். ஆள் பின்னால் போக வேண்டும்.

மைக்கக்கா அங்கே மூன்றாவது தடவையாகப் போயிருந்தாள். டாக்டர் சீட்டின் உச்சியைப் பார்த்தார். பார்த்த கண் அங்கேயே நின்றுவிட்டது.

"இடது கால் கெண்டைச் சதை வலிக்குது டாக்டர். வலது காலைவிட வீங்கியிருக்கு. தொட்டா சுடுது. மூச்சும்..."

"மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குதா?"

"படி ஏறலன்னாலும் வாங்குது. உட்கார்ந்த இடத்துலயே."

"எடையைக் குறைச்சா எல்லாம் சரியாயிடும்மா. இவ்வளவு பாரத்தைத் தூக்கினா கால் வலிக்காம என்ன செய்யும்?"

"அப்படின்னா ரெண்டு காலும்தானே வலிக்கணும்?"

டாக்டரின் பேனா ஒரு நொடி நின்றது. பிறகு ஓடியது. "போன தடவை கொடுத்த சாப்பாட்டு அட்டவணைப்படி சாப்பிடுறீங்களா? உண்மையைச் சொல்லுங்க."

"அப்படியேதான் சாப்பிடுறேன்."

"அப்படியே சாப்பிட்டா முள்ளு ஏன் இறங்கல?" என்று சிரித்தார். திருடனிடம் போலீஸ்காரர் சிரிக்கிற சிரிப்பு. வலிக்கு ஒரு மாத்திரை, அதே அட்டவணையின் இன்னொரு பிரதி, அவ்வளவுதான். வெளியே வந்தபோது, தான் எதையோ திருடிவிட்டு வந்ததைப் போலத்தான் மைக்கக்காவுக்கு இருந்தது. எதைத் திருடினோம் என்பதுதான் தெரியவில்லை.

மைக்கக்கா என்பது அவளுக்கு டிரைவர்கள் வைத்த பெயர். வாடகைக் கார் கம்பெனியில் மைக்கின் முன்னால் உட்கார்ந்து, எந்தக் கார் எங்கே போக வேண்டும் என்று சொல்வது அவள் வேலை. காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பாள். டிரைவர்களுக்கெல்லாம் எண்கள்தான் பெயர். அவர்களில் பாதிப் பேர் அவள் முகத்தைப் பார்த்ததில்லை. கண்ணாடி அறைக்குள்ளிருந்து வரும் குரல்தான் அவர்களுக்கு மைக்கக்கா.

மறுநாள் அந்தக் குரலில் ஏதோ சரியில்லை என்று முதலில் வாய்விட்டுச் சொன்னவர் பதினேழு. தலை நரைத்த டிரைவர். வாய் கொஞ்சம் நீளம்.

"மைக்கக்கா, பதினேழு பேசறேன். ஸ்டேஷன்ல ஆளை இறக்கியாச்சு."

"சரி பதினேழு. அப்படியே... மார்க்கெட் பின்பக்கம்... ஒரு அம்மா நிக்கிறாங்க."

"என்னக்கா, கயிறு தாண்டிக்கிட்டே பேசுறீங்களா?"

"உட்கார்ந்துதான் இருக்கேன்."

"உட்கார்ந்திருக்கிற ஆளுக்கு எதுக்கு இப்படி இரைக்குது? ஒரு வாரமா கேட்கிறேன். வார்த்தைக்கு வார்த்தை பிரேக் போடுறீங்க. டாக்டர்கிட்ட போனீங்களா?"

"போனேன். எடைன்னு சொல்றார்."

"எடையா? எனக்கு எங்கேயிருந்துக்கா தெரியும் உங்க எடை? எனக்குத் தெரிஞ்சது மூச்சு. மூச்சு சரியில்ல."

மைக்கக்கா மைக்கை அணைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கிறவர்களெல்லாம் சாப்பாட்டைச் சந்தேகப்படுகிறார்கள். பார்க்காத ஒரே ஆள் நோயைச் சந்தேகப்படுகிறார். இதில் யாரை நம்புவது?

வீட்டில் நிலைமை இன்னும் மோசம். டாக்டர் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்ட அவள் வீட்டுக்காரர், உள்ளே இருப்பது தெரிகிற சர்க்கரை டப்பாவின் வெளியே, சர்க்கரை நிற்கும் மட்டத்தில் பென்சிலால் மெல்லிய கோடு போட்டுவைத்திருந்தார். அவளுக்குத் தெரியாது என்று அவர் நினைப்பு. கோட்டைப் பார்த்த அன்றைக்கு அவளுக்கு அழுகை வரவில்லை, ஒரு பயம் வந்தது. நிஜமாகவே நான் எனக்கே தெரியாமல் தின்கிறேனோ? தூக்கத்தில் எழுந்து நடக்கிறவர்கள் இருக்கிறார்களே, தூக்கத்தில் தின்கிறவள் இருக்க மாட்டாளா? தன்னையே கையும் களவுமாகப் பிடிக்க, அவர் கோட்டுக்குப் பக்கத்தில் அவளும் ஒரு கோடு போட்டாள்.

சர்க்கரை இறங்கியது. அவள் போட்ட கோட்டுக்குக் கீழே ஒரு விரல் இறங்கியது.

ஒரு நாள் மதியம் தலைவலி என்று சீக்கிரம் வீடு திரும்பியவள், சமையலறை வாசலில் நின்றாள். வீட்டுக்காரர் தேநீரில் மூன்றாவது ஸ்பூன் சர்க்கரையைப் போட்டுவிட்டு, ரப்பரால் பழைய கோட்டை அழித்து, புதுக் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

"என்னங்க."

ஸ்பூன் கீழே விழுந்தது. "அது... எனக்குச் சர்க்கரை குறைக்கச் சொல்லியிருக்காங்கன்னு நீ திட்டுவியேன்னு..."

"பழி என் தலையில விழட்டும்னு விட்டுட்டீங்க."

அவர் திருட்டு முழி முழித்தார். அதற்கு மேல் அவரைத் திட்ட அவளிடம் மூச்சில்லை. சொல்லப்போனால் அவர் மேல் கோபமே வரவில்லை. தன் மேல் இருந்த சந்தேகம் தீர்ந்து, அந்த இடத்தில் வேறொரு சந்தேகம் வந்து உட்கார்ந்துகொண்டது. இந்தக் கோடு பொய் என்றால், அந்தச் சீட்டின் உச்சியில் இருக்கும் கோடு மட்டும் எப்படி நிஜமாகும்?

அவளுக்கு ஒரு தங்கை. மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. ஊதினால் பறந்துவிடுவாள் போல இருப்பாள். அவளைச் சின்ன வயதிலிருந்தே குச்சி என்றுதான் கூப்பிடுவது.

"குச்சி, எனக்காக நீ டாக்டர்கிட்ட போகணும்."

"எனக்கு என்ன நோய்?"

"எனக்கு இருக்கிற நோய்தான். நான் சொன்னதை அப்படியே சொல்லு. ஒரு வார்த்தை கூட்டாதே, குறைக்காதே. அவர் என்ன சொல்றார்னு பார்ப்போம்."

"நூல் விட்டுப் பார்க்கச் சொல்ற."

"ஆமா. உனக்கும் எடைன்னு சொன்னார்னா, அவர் எல்லாருக்கும் அதையே சொல்ற ஆளுன்னு விட்டுடறேன்."

"எனக்கு எடைன்னு சொன்னா அவரைக் கண்ணாடிக் கடைக்கு நானே கூட்டிட்டுப் போறேன்க்கா."

குச்சி மெஷினில் ஏறினாள். அட்டெண்டர் அம்மா எண்ணைச் சாதாரணமாக எழுதினாள். கூவவில்லை. கோடும் போடவில்லை. டாக்டர் அறையின் திரைக்கு வெளியே இருந்த பெஞ்சில் மைக்கக்கா உட்கார்ந்து, மைக்கில் வரும் குரலைக் கேட்பது போலக் காதைக் கொடுத்தாள்.

குச்சி ஒப்பித்தாள். இடது கால். கெண்டைச் சதை. தொட்டால் சுடுகிறது. உட்கார்ந்த இடத்திலேயே மூச்சு.

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. டாக்டர் எழுந்திருக்கிறார்! மூன்று தடவை போயும் மைக்கக்கா கேட்காத சத்தம் அது.

"எங்கே, காலைக் காட்டுங்க. வெளியே வீக்கம் அவ்வளவா தெரியல... ஆனா மூச்சும் சேர்ந்து வருதுன்னா சும்மா விடக் கூடாதும்மா. காலுல ரத்தம் உறைஞ்சு, அது மேலே நுரையீரலுக்குப் போச்சுன்னா உயிருக்கே ஆபத்து. இன்னிக்கே ஸ்கேன் எடுத்துடுங்க. நாளைக்குன்னு தள்ளாதீங்க."

பெஞ்சில் இருந்த மைக்கக்கா தன் காலைக் குனிந்து பார்த்தாள். வெளியே தெரியாத வீக்கத்துக்கே இவ்வளவு பதற்றமென்றால், தெரிகிற வீக்கத்துக்கு?

குச்சி திரையை விலக்கிக்கொண்டு வந்தபோது முகம் வெளுத்திருந்தது. கையில் ஸ்கேன் சீட்டு, அவள் பெயரில். அக்காவும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யோசிக்க ஒன்றுமில்லை. இந்தச் சீட்டை அக்கா பெயருக்கு மாற்றச் சொல்லி உள்ளே போனால், திரும்ப எடை மெஷினில் இருந்துதான் தொடங்க வேண்டும்.

ஸ்கேன் எடுக்கும் இடத்தில் குச்சியின் பெயரைக் கூப்பிட்டார்கள். மைக்கக்கா எழுந்து போனாள்.

ஸ்கேன் எடுக்கிற பெண் சீட்டையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்தாள். "வயசு இருபத்தாறுன்னு இருக்கு?"

"ஏன், பார்த்தா தெரியலையா?"

அந்தப் பெண் சிரித்துவிட்டு, காலில் குளிர்ந்த களிம்பைத் தடவிக் கருவியை வைத்தாள். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக முகத்திலிருந்து இறங்கியது. ஒரே இடத்தில் அழுத்தினாள், விட்டாள், மறுபடி அழுத்தினாள்.

"யார் கூட வந்திருக்கீங்க?"

அந்தக் கேள்வி போதும். மீதியை மைக்கக்காவே தெரிந்துகொண்டாள். ரத்தக் கட்டி, முழங்காலுக்கு மேலேயும் ஏறியிருக்கிறது, டாக்டரை இப்போதே பாருங்கள் என்று அந்தப் பெண் சொன்னதெல்லாம் எங்கோ தூரத்திலிருந்து ரேடியோவில் வருவது போலக் கேட்டது.

கார் கம்பெனிக்குப் போன் செய்தாள். வந்தது பதினேழு. அவளைப் பார்த்ததும் தயங்கி நின்றார்.

"என்ன பதினேழு, குரலுக்கும் ஆளுக்கும் பொருந்தலையா?"

"அதை யாரு பார்த்தா? நான் பயந்த மாதிரியே இரைக்குது. ஏறுங்கக்கா."

கிளினிக்கில் குச்சிதான் ரிப்போர்ட்டை நீட்டினாள். டாக்டர் படித்துவிட்டுக் குச்சியைப் பார்த்துப் பதறினார். "நடந்தா வந்தீங்க? உட்காருங்க முதல்ல! உடனே பெரிய ஆஸ்பத்திரியில சேரணும். நான் எழுதித் தர்றேன்."

"எனக்கு இல்ல டாக்டர். அக்காவுக்கு. ஸ்கேன்ல படுத்தது அக்காதான்."

டாக்டர் திரும்பினார். அவர் முகத்தில் இருந்த அவசரம் வடிவதை மைக்கக்கா கண்ணெதிரே பார்த்தாள். பாதி எழுந்திருந்தவர் நாற்காலியில் மறுபடி உட்கார்ந்தார்.

"இவங்களா?" என்றார். பிறகு, "ஆள்மாறாட்டம் செஞ்சு எடுத்த ரிப்போர்ட்டை நான் எப்படிம்மா நம்புறது? இந்த மாதிரி உடம்புல ஸ்கேன் சரியாவும் தெரியாது. உங்க பேர்ல புதுசா எடுத்துட்டு வாங்க, பார்ப்போம். அதுவரைக்கும் சாப்பாட்டை..."

"தொட்டுப் பாருங்க," என்றாள் மைக்கக்கா. காலை முன்னால் நீட்டினாள். "ரிப்போர்ட்டை நம்ப வேண்டாம். கால் என்னுதுதான். தொட்டுப் பாருங்க."

டாக்டர் காலைப் பார்த்தார். கை பேனாவில்தான் இருந்தது. "என்னை ஏமாத்தினதுக்கு அப்புறம் இங்கே வைத்தியம் கிடையாது," என்றார். குரலில் கோபம் இருந்தது. அதற்கு அடியில் ஒரு சின்ன நடுக்கமும் இருந்தது. குரலைக் கேட்டே பிழைக்கிறவளுக்கு அது தப்பவில்லை. அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஆனால் அவர் சந்தேகம் தீரும் வரைக்கும் காத்திருக்க அவளிடம் நேரமில்லை.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போன் போட்டாள். மைக்கில் பேசுகிற குரல் தானாக வந்தது. "பெண். வயசு முப்பத்தெட்டு. இடது கால்ல ரத்தக் கட்டி, முழங்காலுக்கு மேல. ஸ்கேன் கையில இருக்கு. ஒரு வாரமா... உட்கார்ந்திருந்தாலும் மூச்சு வாங்குது. கிளம்பிட்டோம்."

"உடனே கொண்டு வாங்க," என்றது ஒரு பெண் குரல். "பேஷண்டை நடக்க விடாதீங்க."

"பேஷண்ட் நான்தான்."

"அப்ப நீங்க நடக்காதீங்க! வாசல்ல ஆள் நிக்கும்."

அவள் சொன்னதை அந்தக் குரல் அப்படியே நம்பிவிட்டது. பார்க்காததால் நம்பிவிட்டது. பார்த்த பிறகு? அதுதான் அவளை அரித்தது. அட்டெண்டர் அம்மா எடை மெஷினுக்குப் பின்னால் மடித்து வைத்திருந்த சக்கர நாற்காலியை எடுத்துவந்து பிரித்ததுகூட அவளுக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. பதினேழு அதைக் கார் வரைக்கும் தள்ளினார். குச்சி ரிப்போர்ட்டை மார்போடு அணைத்துக்கொண்டு பின்னால் ஓடினாள்.

ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சர் நின்றது. தள்ளுகிறவர் காருக்குள் எட்டிப் பார்த்து, குச்சியிடம், "படுங்கம்மா," என்றார்.

"நான் இல்லைங்க!" என்று குச்சி கத்திவிட்டாள்.

"பேசினது நான்தான்," என்றாள் மைக்கக்கா.

உள்ளே ஒரு இளம் டாக்டர் வந்தாள். மைக்கக்கா அவள் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் எங்கே போகிறது அந்தக் கண்? வயிற்றுக்கா, இடுப்புக்கா? அது ரிப்போர்ட்டுக்குப் போனது. பெயரில் நின்றது. குச்சி திக்கித் திணறி நடந்ததைச் சொன்னாள்.

"பேரை அப்புறம் சரி பண்ணிக்கலாம்," என்றாள் அந்த டாக்டர். குனிந்து கெண்டைச் சதையைத் தொட்டாள். வலது காலையும் தொட்டாள். டேப்பைச் சுற்றி இரண்டையும் அளந்தாள். முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து மூச்சை இழுக்கச் சொன்னாள். மைக்கக்காவுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை.

அப்புறம் அந்தக் கேள்வி வந்தது.

"உங்க எடை என்ன?"

குச்சி சட்டென்று நிமிர்ந்தாள். பதினேழு வாசலில் நின்றபடி தொண்டையைச் செருமினார். மைக்கக்காவின் முகம் இறுகியது.

"எதுக்குக் கேக்குறீங்க?"

"ரத்தம் மேலும் உறையாம இருக்க ஊசி போடணும். அந்த மருந்தோட அளவு எடையைப் பொறுத்தது. குறைச்சுப் போட்டா கட்டிக்குப் பத்தாது, கூட்டிப் போட்டாலும் ஆபத்து. சரியாச் சொல்லுங்க."

இத்தனை வருஷத்தில் கேட்ட இடத்திலெல்லாம் ஐந்தாறு கிலோவைக் குறைத்துச் சொல்லியே பழகியவள் அவள். நாக்கு நுனியில் அந்தக் குறைந்த எண் வந்து நின்றது. குச்சிக்குக்கூட அவளுடைய நிஜ எண் தெரியாது. வாசலில் பதினேழு வேறு.

மைக்கக்கா மூச்சை இழுத்தாள். பாதிதான் வந்தது. அது போதும். ஸ்டேஷனுக்கும் மார்க்கெட்டுக்கும் ஒரே நேரத்தில் கேட்கிற குரலில், கிராம்கூட விடாமல் சொன்னாள்.

டாக்டர் தலையாட்டிவிட்டு எழுதத் தொடங்கினாள். மைக்கக்கா தலையணையிலிருந்து கழுத்தை எக்கிப் பார்த்தாள். எண்ணைக் காகிதத்தின் உச்சியில் எழுதுகிறாளா, கோடு ஏதும் போடுகிறாளா என்று.

கீழே எழுதியிருந்தாள், மருந்தின் பெயருக்குப் பக்கத்தில். கோடு இல்லை.

"ஊசி எப்ப போடுவீங்க?" என்று மைக்கக்கா கேட்டாள். இன்னும் சந்தேகத்தோடுதான்.

"இப்பவே," என்ற டாக்டரின் கையில் ஊசி இருந்தது.