சாதுவுக்குப் போட்ட ஊசி

போதைக் கும்பலுக்குள் ஆளோடு ஆளாகக் கலந்து இரண்டு வருஷம் போலீசுக்கு உளவு சொன்ன தம்பியைக் கொன்று, சாக்கில் கட்டி வீசியிருந்தார்கள். முகம் முகமாக இல்லை. அடையாளம் காட்டப் போன அக்கா, வாயைத் திறந்து காட்டச் சொன்னாள். பல் டாக்டர் அவள். போன வருஷம் தன் கையால் அடைத்த பல்லைப் பார்த்ததும், "இவன்தான்" என்றாள். அன்றைக்கு அழாதவள் அப்புறமும் அழவில்லை.

எட்டு மாசம் கழித்து தம்பியின் போலீஸ் மேலதிகாரி வந்தார்.

"கும்பல் தலைவனுக்குப் பல்வலிம்மா. அவன் வழக்கமா போற டாக்டரை லீவுல அனுப்பிட்டோம். அந்த இடத்துல நீங்க நிக்கணும்."

"நின்னு?"

"ஊசி போட்டுப் படுக்க வைங்க, போதும். பின்பக்கமா வந்து மிச்சத்தை நாங்க பார்த்துக்கறோம்."

தலைவனை எல்லோரும் சாது என்றுதான் சொல்வார்கள். குரலை உயர்த்தியே பேசமாட்டானாம். தம்பியை முடிக்கச் சொன்னதும் அந்த உயராத குரல்தான்.

மறுநாள் மத்தியானம் அந்த டாக்டரின் கிளினிக்குக்கு வந்தான். கூட வந்த அவன் தங்கச்சி புருஷன் வாசல் அறையில் உட்கார்ந்துகொண்டான்.

"வலிக்குமா டாக்டர்? ஊசின்னா எனக்குக் கொஞ்சம் பயம்" என்று வெட்கப்பட்டுச் சிரித்தான் சாது.

அவள் "வாயை நல்லாத் திறங்க" என்று சொல்லி ஊசியை ஏற்றினாள்.

கொஞ்ச நேரத்தில் பின்கதவு வழியாக அதிகாரி இன்னொருவரோடு உள்ளே வந்தார். விலங்கு பூட்டுவார் என்று அவள் காத்திருந்தாள். அவரோ ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஆயுசு முழுக்க ஜெயில்ல கிடக்கறியா? இல்ல எல்லார் பேரையும் சொல்லிட்டு, பொண்டாட்டி பிள்ளையோட வேற தேசத்துல போய் நிம்மதியா இருக்கியா?"

சாது யோசித்தான். மரத்த உதட்டோடு குழறிக்குழறி, "சரி, பேசலாம்" என்றான்.

அவள் அதிகாரியை மூலைக்கு இழுத்தாள். "என்ன சார் இது? இதை எங்கிட்டச் சொல்லவே இல்லையே."

"இவன் ஒருத்தன் வாயைத் திறந்தா நாப்பது பேர் மாட்டுவாங்கம்மா. உங்க தம்பியும் இதைத்தான் விரும்பியிருப்பான்."

"அவன் என்ன விரும்பியிருப்பான்னு நீங்க எனக்குச் சொல்லாதீங்க."

கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு வாசல் அறைக்குப் போனாள். தங்கச்சி புருஷன் நிமிர்ந்து பார்த்தான்.

"இன்னும் நேரமாகுமா டாக்டர்?"

"ஆகும். உள்ளே ரெண்டு போலீஸ்காரங்ககூட பேசிட்டிருக்கார். உங்க ஆளுங்க பேரையெல்லாம் சொல்லப்போறாராம்."

அவன் அவளையே ஒரு கணம் பார்த்துவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனான்.

நாலாம் நாள், சாதுவை அவன் வீட்டுக் கார் ஷெட்டிலேயே சுட்டுப் போட்டிருந்த செய்தி வந்தது. "நல்லா வேணும்" என்று வாய்விட்டுச் சொன்னாள். எட்டு மாசத்தில் முதல்தடவையாக வயிறாரச் சாப்பிட்டாள்.

சாயங்காலம் அதிகாரி வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"நீங்கதானே?"

"உள்ளதைத்தானே சார் சொன்னேன்."

"யாருக்கும் சந்தேகம் வரக்கூடாதுன்னு அவனை வீட்டுக்கே அனுப்பியிருந்தோம். அவன்கிட்ட நான் முதல்ல கேட்டது ஒரே ஒரு பேர்தான். உங்க தம்பியைச் சுட்ட கை யாரோடதுன்னு. பொண்டாட்டி பிள்ளையை அனுப்பி வச்சதும் சொல்றேன்னு ஒத்துக்கிட்டிருந்தான்."

"அந்தத் தங்கச்சி புருஷனா இருக்குமோ?"

"இருக்கலாம். நாப்பது பேர்ல எவனா வேணும்னாலும் இருக்கலாம். அத்தனை பேரும் இப்ப தலைமறைவு."

அவர் போய்விட்டார். சாது செத்ததற்காக அவள் ஒருநாளும் வருத்தப்படவில்லை. ஆனால் அதற்கப்புறம், முன்பின் தெரியாத ஆம்பளை யாராவது அவளிடம் வந்து அண்ணாந்து படுத்து வாயைத் திறந்தால், ஊசியைப் பிடித்த கை ஒரு நொடி அப்படியே நின்றுவிடும். இவனா இருக்குமோ?