பெண்கள் பக்கத்துப் பெஞ்சு

எனக்கு நன்றி சொல்லிப் பழக்கமில்லை. யாராவது நல்லது செய்தால், எதற்காகச் செய்கிறான் என்றுதான் முதலில் பார்ப்பேன். அப்படிப்பட்ட நான் இந்தக் கிறிஸ்துமஸுக்கு ஒரு சபைக்கே நன்றி சொல்ல வேண்டியதாகிவிட்டது.

சிவாஜிநகரில் டிரங்குப் பெட்டி செய்கிற கடையில் தகரம் தட்டித் தட்டியே என் இடது காது போனது. கடையிலும் பெட்டி, வீட்டிலும் பெட்டி. என் வீட்டுக்காரி பெயர் அது. பெயர்தான் பெட்டி, வாய்க்குப் பூட்டு கிடையாது. ஜீவனஹள்ளியில் எங்கள் சர்ச்சின் பாடகர் குழுவில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே பாடுகிறாள்.

எங்கள் சர்ச்சில் ஆண்கள் வலது பக்கம், பெண்கள் இடது பக்கம். என் பெஞ்சு வலது ஓரத்தில், சுவரை ஒட்டி. நல்ல காது சுவரைப் பார்த்திருக்கும், செத்த காது சபையைப் பார்த்திருக்கும். பாட்டு எனக்கு அடுத்த தெருவில் மழை பெய்கிற மாதிரிதான் கேட்கும். ஜெபம் முடிந்தது தெரியாது. மற்றவர்கள் வாய் அசைவதைப் பார்த்துத்தான் ஆமென் சொல்வேன். அது எப்போதும் பிந்தித்தான் வரும். சின்னதுகள் சிரிக்கும். காது போனதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நம் முன்னாலேயே நம்மைப் பற்றிப் பேசுவார்கள். வீட்டில் பெட்டிக்கு லேசான மந்தம் என்று மட்டும் தெரியும்.

இந்த வருடக் கிறிஸ்துமஸ் கீத ஆராதனையில் பெட்டி ஒரு சரணம் தனியாகப் பாட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். வாழ்நாளில் முதல் தடவை. வீட்டில் பாடிக் காட்டச் சொன்னால், "சர்ச்சுல வந்து கேட்டுக்குங்க" என்றாள். கேட்க முடியாதே என்றுதான் எனக்குக் கவலை.

அதற்கு முந்தின வாரம் பெஞ்சுகளையெல்லாம் வெளியே எடுத்து வார்னிஷ் அடித்தார்கள். பெண்கள் ஒரு பக்கம் கிறிஸ்துமஸ் பலகாரத்துக்குக் கல்கல் மாவைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். நான் என் பெஞ்சைவிட்டு நகரவில்லை. வார்னிஷ் அடிக்கிற கோவிந்தன் கடுப்பாகிவிட்டான்.

"இன்னா பெரியவரே, பெஞ்சைத் தூக்கினு ஓடிடுவேனா?"

"ஓடமாட்டே. மாத்திடுவே."

"இதைவிட நல்லதாத்தான் மாத்துவேன்" என்றான்.

கீத ஆராதனையன்று சாயங்காலம் உள்ளே போனால், என் இடத்தில் கிறிஸ்துமஸ் மரம் நிற்கிறது. பெஞ்சைக் காணோம். எனக்கு ரத்தம் கொதித்தது. செயலாளர் டேரிலைப் பிடித்தேன்.

"என் பெஞ்சு எங்கடா?"

"அந்தப் பக்கம் அங்கிள்." பெண்கள் பக்கத்து இடது சுவரைக் காட்டினான். என் பெஞ்சேதான். அதில் பாதி காலியாக இருந்தது.

"பொம்பளைங்க பக்கமா? வயசானவன்னா எங்க வேணா தள்ளிடலாம்னு நெனச்சீங்களா?"

"வாங்க அங்கிள்" என்றாள் அந்தப் பெஞ்சில் இருந்த கேரல். "நாங்க கடிக்க மாட்டோம். நீங்க கடிக்காம இருந்தா போதும்."

சுற்றிலும் சிரிப்பு. ஒரு பாட்டோடு எழுந்து போய்விடுவது என்று முடிவு செய்து உட்கார்ந்தேன்.

முதல் பாட்டு தொடங்கியது. பெண்கள் குரல் தனியாகவும் ஆண்கள் குரல் தனியாகவும் கேட்டன. பின்னால் யாரோ இருமினார்கள், அதுவும் கேட்டது. அப்போதுதான் உறைத்தது. செத்த காது இப்போது சுவர்ப்பக்கம். நல்ல காதுக்கு முன்னால் சபை முழுவதும் இருந்தது. எழுந்து போகவில்லை.

பிறகு பெட்டி தனியாகப் பாடினாள். கொஞ்சம் கரகரத்த, தாழ்ந்த குரல். எங்களுக்குக் கல்யாணமான புதிதில் கேட்ட அதே குரல், இப்போது வயதாகியிருந்தது. ஒரு சொல்கூட விடாமல் கேட்டேன்.

ஜெபம் முடிந்தது. எல்லாரோடும் சேர்ந்து ஆமென் சொன்னேன். பாஸ்டர் மட்டும் அடுத்ததைத் தொடங்காமல், பழக்கத்தில், என் ஆமெனுக்காகக் காத்துக்கொண்டு நின்றார். கேரல், "சொல்லிட்டாரு பாஸ்டர்!" என்று கத்தினாள். சர்ச்சே சிரித்தது. நானும் சிரித்தேன். இத்தனை வருடமாக அவர் எனக்காக நின்றிருக்கிறார் என்பதே எனக்குத் தெரியாது.

வெளியே கேக் கொடுக்கிற இடத்தில் பெட்டி வந்தாள்.

"எப்படி இருந்துச்சு?"

"மூணாவது அடியில மூச்சு வாங்கிட்டே."

கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "போன வருஷம் தொண்டை கட்டி நான் பாடவே இல்ல. சும்மா வாயசைச்சேன். நீங்க பிரமாதம்னீங்க. உங்க காது போனது அன்னிக்கே தெரிஞ்சுடுச்சு. இந்தத் தடவை பெஞ்சை மாத்தணும்னு டேரில்கிட்ட பேசிட்டேன். இந்த லேடீஸ்தான் இடம் விட்டாங்க."

டேரிலைத் தேடிப் போனேன். நன்றி என்ற சொல் வாயில் வரவில்லை.

"டேய், மரத்தை எடுத்த பிறகும் என் பெஞ்சு அங்கேயே இருக்கணும். எவனாவது மாத்தினா தெரியும் சேதி."

"சரி அங்கிள்" என்று தன் கேக்கையும் என் கையில் வைத்தான். எதற்காகக் கொடுக்கிறான் என்று யோசிக்காமல் சாப்பிட்டேன்.