நாற்பதா, நாற்பத்தைந்தா

சேடியை ஆர்லன் சுட்டது மார்லிஸின் துப்பாக்கியால்தான். சேடி ஒரு சாதுவான பெட்டைக் குதிரை. காதைத் தடவினால் கண்ணை மூடிக்கொள்ளும். வேலியோரம் நின்றிருந்த அதன் வயிற்றில் வேண்டுமென்றே சுட்டான், சட்டென்று செத்துவிடக் கூடாது என்று. அது குடலை இழுத்துக்கொண்டு சமையலறைச் சன்னல்வரை வந்து விழுந்தது. தடுக்க ஓடிய மார்லிஸைத் துப்பாக்கிக் கட்டையால் அடித்ததில் அவள் இடது மணிக்கட்டு முறிந்தது. அவள் முகத்துக்கு நேரே குனிந்து, "அடுத்த குண்டு உனக்குடி," என்றான். பிறகு அந்தத் துப்பாக்கியை வாசற்படியில் ஓங்கி அறைந்து இரண்டாக்கினான். இத்தனைக்கும் கூடப் பிறந்த தம்பி.

கொஞ்ச காலம் ஜெயிலில் வைத்தார்கள். அவனிடம் இருந்த துப்பாக்கிகளை ஷெரிப் அள்ளிக்கொண்டு போனார். மார்லிஸின் பண்ணைப் பக்கமே வரக்கூடாது என்று கோர்ட்டில் தாள் கொடுத்தார்கள். தாளுக்குப் பயப்படுகிற ஜென்மமா அது? பனி உருகும்போது வெளியே வந்துவிடுவான், வந்தால் நேரே இங்கேதான் வருவான் என்பது மார்லிஸுக்கு நன்றாகவே தெரியும்.

இனித் துப்பாக்கியே வேண்டாம் என்று அவள் விட்டிருக்கலாம். அக்கம்பக்கத்தில் அப்படித்தான் புத்தி சொன்னார்கள். ஆனால் ஜூன் மாதத் துப்பாக்கிப் போட்டியில் ஐநூறு மீட்டர் தள்ளி இலக்காக நிற்கும் இரும்புக் கிடாயைச் சுட்டுச் சாய்ப்பதில் மொன்டானாவில் அவளுக்கு ஒரு பேர் உண்டு. குதிரையைப் பறித்தவனுக்கு அதையும் தூக்கிக் கொடுப்பதா? மாட்டாள். துப்பாக்கியைப் பூட்டி வைக்கலாம் என்றால், ஆர்லன் வெல்டிங் தொழில் செய்தவன். எந்த இரும்புப் பெட்டியையும் ரொட்டி மாதிரி அறுத்துவிடுவான்.

கட்டுப் போட்ட கையோடு ஹாஸ்கெலின் பட்டறைக்குப் போனாள். பழைய பாணியில், ஒரு தடவைக்கு ஒரே தோட்டா போடும் துப்பாக்கியை ஆள் பார்த்துச் செய்து தருகிறவர் அவர்.

"பழையபடி நாற்பத்தஞ்சு எழுபதுதானே?" என்றார் ஹாஸ்கெல், ஒரு குழலைத் தடவியபடி. முன் எண் குண்டின் பருமன், பின் எண் மருந்தின் எடை.

"இல்ல. நாற்பது அறுபத்தஞ்சு."

கிழவர் கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளினார். "ஏம்மா, அடி கையில பட்டுச்சா, மண்டையில பட்டுச்சா? இத்தனை வருஷமா நாற்பத்தஞ்சுல அடிச்ச ஆளு நீ. நாற்பது நல்ல ரகம்தான், தோளை உதைக்காது. ஆனா குண்டு சன்னம். கிடா சில சமயம் அடிபட்டும் விழாம நிக்கும். அப்புறம் என்கிட்ட வந்து அழாத."

"நின்னா நின்னுட்டுப் போகுது. நாற்பத்தஞ்சோட தோட்டா அதுல போகுமா?"

"பாதிகூடப் போகாது. வாயி குறுகலில்ல? ஒண்ணு ஞாபகம் வச்சுக்க. நாற்பதுக்குன்னு தோட்டாவோட பித்தளைக் கூடு லேசுல கிடைக்காது. நாற்பத்தஞ்சோட கூட்டைத்தான் வாயை ஒடுக்கிப் போட்டுக்கணும். அடியில முத்திரை நாற்பத்தஞ்சு எழுபதுன்னே இருக்கும். தோட்டாப் பெட்டியில பெருசா எழுதி ஒட்டிடு, யாராவது ஏமாந்துடப் போறாங்க."

"ஏமாறட்டும்," என்றாள் மார்லிஸ். "குழல் மேல எந்த அளவும் பொறிக்காதீங்க."

"பொறிக்காம என் பட்டறையிலிருந்து ஒரு குழலும் வெளிய போனதில்ல. எங்கப்பன் காலத்துலருந்து அதுதான் வழக்கம்." சொல்லிக்கொண்டே வந்தவரின் பார்வை அவள் கைக்கட்டில் விழுந்தது. கண்ணாடியை மறுபடி மூக்குக்கு இறக்கினார். "குழலுக்கு அடியில, மரக்கட்டைக்குள்ள மறைவா பொறிச்சுடறேன். எனக்கும் பொய்யில்ல, உனக்கும் குறையில்ல," என்றார்.

ஏப்ரல் மாதம் ஒரு காலையில் மார்லிஸ் கொட்டகையில் குண்டு வார்க்க ஈயம் காய்ச்சிக்கொண்டிருந்தாள். புதுத் துப்பாக்கி கதவுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தது. ஆர்லன் கதவை உதைத்துக்கொண்டு உள்ளே வந்தான். விஸ்கி நாற்றம் அவனுக்கு முன்னால் வந்தது. அவள் திரும்புவதற்குள் முடியைப் பிடித்து மேசை விளிம்பில் முகத்தை மோதினான். மூக்கு நொறுங்கியது. உதடு பிளந்து ரத்தம் தாடையில் வழிந்தது. வயிற்றில் ஓர் உதை. அவள் ஈயச் சட்டி வைத்திருந்த முக்காலியைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டாள்.

"என்னை உள்ள தள்ளிட்டுச் சொகமா இருக்க போல," என்றான். சுவரில் இருந்த துப்பாக்கியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். குழல்மேல் எதுவும் எழுதியிருக்கவில்லை. மேசையில் கிடந்த வெறும் பித்தளைக் கூட்டை எடுத்து, அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் காட்டி வாசித்தான். "நாற்பத்தஞ்சு எழுபது. நீ மாறவே மாட்டடி." அந்தக் கூட்டின் வாய் ஒடுங்கியிருந்ததைப் பார்க்கும் நிதானம் குடிகாரனுக்கு ஏது?

கோட்டுப் பையிலிருந்து ஒரு தோட்டாவை எடுத்தான். "ஷெரிப் துப்பாக்கியத்தான் எடுத்துட்டுப் போனான். அன்னைக்கு உங்கிட்ட அள்ளுன தோட்டா இந்தக் கோட்டுலயே கெடந்துச்சு, எவன் பாத்தான்? சொன்ன வார்த்தைய நான் மறக்கல."

துப்பாக்கிக்கு அடியிலிருந்த நெம்புகோலை இறக்கி, திறந்த வாயில் தோட்டாவைச் செருகினான். அது பாதிகூடப் போகாமல் நின்றது. கட்டைவிரலால் அழுத்தினான். உள்ளங்கையால் குத்தினான். நகரவில்லை. நெம்புகோலும் மேலே ஏற மறுத்தது. "என்னடி பண்ணி வச்சிருக்க இத?" என்று குனிந்து தோட்டா செருகும் துளைக்குள் பார்த்தான். இரண்டு கையும் துப்பாக்கியில் இருந்தன.

மார்லிஸ் கரண்டி நிறைய ஈயத்தை மொண்டு அந்தக் கைகள்மேல் வீசினாள்.

அவன் போட்ட சத்தத்தில் கூரைப் புறாக்கள் பறந்தன. ஈயம் விரலிடுக்குகளில் ஓடி அப்படியே இறுகியது. உதறினால் தோலும் சேர்ந்து வந்தது. இருந்தும் விடவில்லை. துப்பாக்கியை மணிக்கட்டால் அணைத்துத் தூக்கி அவள் தோளில் அடித்தான். அவள் கரண்டியைத் திருப்பிப் பிடித்து அவன் வாயிலேயே போட்டாள். பல் தெறித்தது. இன்னொரு முறை, காதோரம். மூன்றாம் முறை எதற்கு என்று அவளுக்கே தெரியாது, சேடிக்காக இருக்கலாம். ஆர்லன் சுவரோடு சரிந்து விழுந்தான்.

துப்பாக்கியை எடுத்தாள். துடைக்கும் கம்பியைக் குழலின் முனை வழியாக விட்டுத் தட்டியதும் அவன் தோட்டா பின்பக்கமாகக் கழன்று, தரையில் உருண்டு, அவன் பூட்ஸில் முட்டியது. பரணில் ஓட்ஸ் டப்பா ஒன்று இருந்தது. அதற்குள்ளிருந்து தன்னுடைய தோட்டா ஒன்றை எடுத்துப் போட்டாள். அது வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. நெம்புகோல் சத்தமில்லாமல் மூடியது. அவன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"அடியில நாற்பத்தஞ்சுன்னுதானே இருந்துச்சு," என்றான் ரத்தத்தைத் துப்பி.

"இருந்துச்சு."

"வலி தாங்கல. ஷெரிபுக்காவது போன் போடு, மார்லிஸ்."

தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். ஆடத்தான் செய்தது. சின்ன வயதில் ஓடையில் அவனுக்கு நீச்சல் சொல்லிக் கொடுத்த கை அவளுடையது. அவன் கை வெந்து தொங்குவதைப் பார்க்க அவளுக்கு அழுகை முட்டியது. அழுதுகொண்டே போன் போட்டாள். விரல் விசையை விட்டு எழவே இல்லை.

"சேடிய எங்க சுட்ட, ஞாபகம் இருக்கா?" என்று கேட்டாள்.

அவன் வெந்த கையைத் தூக்கி வயிற்றை மறைத்துக்கொண்டான். குழல் அந்த இடத்துக்கு இறங்கியது.

"இது நாற்பது. இதுல கிடா சில சமயம் அடிபட்டும் நிக்கும்னு ஹாஸ்கெல் சொன்னாரு. நீ நிப்பியா, விழுவியா, எனக்குத் தெரியாது. எந்திரிச்சுப் பாக்குறியா?"

ஆர்லன் எழவில்லை. ஷெரிபின் வண்டி வந்து நிற்கும்வரை, பிறந்ததிலிருந்து முதல் தடவையாக, அக்கா சொன்ன இடத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தான்.