இரண்டாவது கியரில் ஒரு கீச்சொலி

"பின்னாடி கீச்சு கீச்சுன்னு ஒரு சத்தம் வருதுண்ணா. செகண்ட் கியர்ல மெதுவா போறப்ப" என்றாள் தங்கை, பிக்கப்பை விட்டு இறங்கியதும் இறங்காததுமாக.

எட்டு மாதத்துக்கு முன்னால் இதே பட்டறையில், இதே மாதிரி ஒரு வண்டியிலிருந்து இறங்கி, அவள் கணவனும் இதைத்தான் சொன்னான். "மச்சான், கேக்குதா?" என்று ஓட்டிக் காட்டினான். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கேட்கவும் கேட்காது. முப்பது வருடம் சுத்தியல் அடிபட்ட காது. தடித்த சத்தமெல்லாம் உள்ளே வரும், மெல்லிசுச் சத்தம் வாசலோடு நின்றுவிடும். இதை ஒருவரிடமும் நான் சொன்னதில்லை. காது போன மெக்கானிக்கிடம் எவன் வண்டியை விடுவான்? "சத்தம் உன் மண்டைக்குள்ளதான் இருக்கு. போய்ப் பொழப்பைப் பாரு" என்று சிரித்து அனுப்பிவிட்டேன். வறட்டு கௌரவம், வேறென்ன.

பதினோராம் நாள், மலை இறக்கத்தில், எஞ்சினிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் நீள ஷாஃப்ட் முன்மூட்டில் உடைந்து ரோட்டில் குத்தியது. வண்டி பள்ளத்தில் கிடந்தது. அவனும் கிடந்தான்.

அன்றிலிருந்து எந்த வண்டிக்கு அடியில் நான் படுத்தாலும் அவனும் பக்கத்தில் வந்து படுத்துக்கொள்கிறான். திரும்பிப் பார்த்தால் இருக்க மாட்டான். முகத்தைப் பார்த்துவிட்டால்கூடத் தேவலை. "மச்சான், கேக்குதா?" அவ்வளவுதான் பேச்சு. பாழாய்ப்போன காதுக்கு அது மட்டும் துல்லியமாகக் கேட்கிறது.

அவன் பார்த்துவந்த சாமான் ஏற்றும் வேலையை இப்போது தங்கைதான் பார்க்கிறாள். இந்தப் பழைய பிக்கப்பை வாங்கி மூன்று மாதம் ஆகிறது.

"நாளைக்குக் காலையில மலைக்கு மேல லோடு இருக்கு. இன்னைக்கே பாத்துடுண்ணா" என்றாள்.

பட்டறை முற்றத்தில் இரண்டு சுற்று ஓட்டிக் காட்டினாள். நான் தலையைச் சாய்த்து, கண்ணைச் சுருக்கி, பெரிய வித்துவான் மாதிரி நின்று "ம்ம்" என்றேன். இந்த "ம்ம்" ஒன்றை வைத்தே ஆறேழு வருடத்தை ஓட்டிவிட்டேன்.

பின்பக்கத்தை ஜாக்கி போட்டுத் தூக்கி, ஸ்டாண்டு வைத்து, நியூட்ரலில் விட்டு, அடியில் போனேன். ஷாஃப்டுக்கு முன்னால் ஒரு மூட்டு, பின்னால் ஒரு மூட்டு. இரண்டையும் பிடித்து ஆட்டினேன். ஆட்டமே இல்லை. ஆட்டம் இருந்தால் கையே சொல்லிவிடும். ஆனால் கிரீஸ் வறண்ட மூட்டு முதலில் கீச்சிடத்தான் செய்யும், ஆட்டம் கொடுப்பது பிறகுதான். அந்த முதல் சேதி காதுக்கு மட்டும் வருவது.

இரண்டையும் மாற்றிவிட்டால் போச்சு என்று நினைத்தேன். ஆனால் சத்தம் மூட்டிலிருந்துதானா, பிரேக்கிலிருந்தா? மாற்றிய பிறகு நின்றதா இல்லையா என்று எனக்கு யார் சொல்வது? மறுபடியும் ஒரு "ம்ம்" போட்டு இவளையும் மலைக்கு அனுப்புவதா?

"மச்சான், கேக்குதா?" என்றான் பக்கத்திலிருந்து.

"கேக்கலடா. கேக்கவே இல்ல" என்று கத்திவிட்டேன்.

தங்கை குனிந்து பார்த்தாள். "யார்கிட்டண்ணா பேசுற?"

கையிலிருந்த துணியைக் கசக்கிக்கொண்டே சொன்னேன். "எனக்குச் சின்னச் சத்தம் கேக்காதும்மா. ரொம்ப நாளாவே. நீதான் வந்து கேட்டுச் சொல்லணும்."

அவள் அட்டையை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் வந்து படுத்தாள். நான் ஷாஃப்டைக் கையால் சுற்றினேன்.

"வருதா?"

"வருது."

முன்மூட்டில் தண்ணீர் ஊற்றிச் சுற்றினேன்.

"இப்ப?"

"வந்துக்கிட்டுதான் இருக்கு."

பின்மூட்டில் ஊற்றினேன்.

"நின்னுடுச்சுண்ணா."

வறண்ட மூட்டில் தண்ணீர் பட்டால் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொள்ளும். அவ்வளவுதான் சோதனை. இரண்டு நிமிட வேலை. அன்றைக்கு அவனை இப்படிப் படுக்கவைத்துக் கேட்டிருந்தால் போதும். அதற்குமேல் என்னால் அடக்க முடியவில்லை.

"அன்னைக்கும் எனக்குக் கேக்கலம்மா. கேக்கலன்னு சொல்ல வாய் வரல. சிரிச்சு அனுப்பிட்டேன். நான்தான் அவனைக் கொன்னுட்டேன்."

அவள் என் பக்கம் திரும்பவில்லை.

"தெரியும்ணா. அவருக்கும் தெரியும். உன் அண்ணனுக்குக் காது போயிடுச்சு, வேற பட்டறையில காட்டிக்கிறேன்னு அன்னைக்கே வந்து சொன்னார்."

"அப்புறம் ஏன் காட்டல?"

"நான்தான் வேணாம்னேன். நீங்களே வேற இடத்துக்குப் போனா அண்ணன் மானம் என்னாவுறது, நானே அண்ணன்கிட்ட பக்குவமா பேசுறேன்னேன். கடைசிவரைக்கும் பேசல."

மூட்டிலிருந்து தண்ணீர் எங்கள் இருவருக்கும் நடுவில் சொட்டிக்கொண்டிருந்தது. "உன் தப்பு இல்லம்மா" என்றேன். எட்டு மாதமாக ஊரே எனக்குச் சொன்ன ஆறுதல் அது. ஒரு நாளும் நான் நம்பியதில்லை.

"உன்கிட்டயும் வர்றாரா?" என்று கேட்டாள்.

"ம்."

"என்ன கேக்குறார்?"

"சத்தம் கேக்குதான்னு. உன்கிட்ட?"

"அண்ணன்கிட்ட பேசிட்டியான்னு. தினமும் அடுப்படிக்கு வந்து நிப்பார். நாளைக்குப் பேசுறேன், நாளைக்குப் பேசுறேன்னு சொல்லிச் சொல்லித்தான் அவரை வரவெச்சுக்கிட்டிருந்தேன்."

கையை நீட்டி, ஈரமான பின்மூட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

"இப்ப பேசிட்டேன்ணா. இனிமே வரமாட்டார்" என்றாள். அவன் போன அன்றுகூட அழாதவள், அப்போதுதான் அழுதாள்.