நிஸ்மியா சொல்லும் ஏலா

மனிதன் தன் தலைவிதியைத் தானே தெரிவு செய்யும் மகத்தான யுகம் கண்டக்குழியில் பிறந்துவிட்டதாகக் கரையோர மறுமலர்ச்சிச் சங்கத் தலைவர் ஹயாத்து முகம்மது ஹாஜியார் ஒலிவாங்கியில் பிரகடனம் செய்தார். பிறகு மேடையை விட்டு இறங்கி, அந்த யுகத்திலிருந்து ஒரு பட்டனைக் கழற்றிவிடும்படி சப்னாவிடம் சொன்னார்.

யுகம் என்று அவர் சொன்னது சப்னா உருவாக்கிய ஃபோன் விளையாட்டை. அதில் சுடுவதும் இல்லை, ஓடுவதும் இல்லை. மீன் வாங்கி விற்கும் நிஸ்மியாதான் கதாநாயகி. தோணிகள் ஏறும் கரையை ஒரு சுற்றுலா விடுதிக்குக் கொடுக்க ஊர்க்கூட்டம் கூடுகிறது. அங்கே நிஸ்மியா என்ன பேசுவாள் என்பதை விளையாடுகிறவர் தெரிவு செய்ய வேண்டும். சம்மதத்துக்கு ஓம், மறுப்புக்கு ஏலா, நடுவே யோசிக்கணும் என்று மூன்று பட்டன்கள். அவள் சொன்னதை மற்றப் பாத்திரங்கள் மறக்க மாட்டார்கள். கதையும் அதன்படி திரும்பும்.

கதைக்கு முன்பே சப்னா ஆட்களை எழுதிவிட்டாள். ஆளுக்கு ஓர் ஆசை, ஒரு பயம் என்று பால்மாப் பெட்டி அட்டைகளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தாள். படங்களை அவளுடைய கூடப்பிறந்த நானா றுமைஸ் வரைந்தான். ஊர்த் தலைவரின் அட்டையில் இருந்தது இவ்வளவுதான்: ஆசை, மாலை. பயம், கேள்வி.

“அந்த ‘ஏலா’ என்னத்துக்கு புள்ள?” என்றார் ஹாஜியார். “ஓம் இரிக்கி. யோசிக்கணும் இரிக்கி. காணாதா?”

“ஏலா செல்ல வழியில்லாட்டி, ஓம் செல்றதுல என்ன பெறுமதி ஹாஜியார்?”

“‘பொறகு பாப்பம்’ எண்டு போடு. அதுவும் ஏலாதான். ஆனா அடக்கமான ஏலா.”

“நிஸ்மியா அடக்கமான ஆள் இல்ல.”

“அப்ப அடக்கமாக்கு. நீதானே அவள உண்டாக்கின.” ஹாஜியார் குரலைத் தாழ்த்தினார். “மற்றது, அந்தத் தலைவர்ட தாடி ஏன் என்ட தாடி மாதிரி?”

“தாடி எல்லாம் ஒரே மாதிரித்தானே ஹாஜியார்” என்றான் றுமைஸ்.

பட்டன் போகாவிட்டால் மண்டபமும் இல்லை, பெரிய திரையும் இல்லை, வெளியீட்டு விழாவும் இல்லை என்று ஹாஜியார் முடிவாகச் சொன்னார்.

“தங்கச்சி, ஒரு பட்டன்தானே” என்று றுமைஸ் அவள் காதில் முணுமுணுத்தான். “மண்டபம் இல்லாம எங்க காட்டப் போற?”

“கரையில. பட்டனக் கழட்டினா நிஸ்மியா செத்துப்போவாள். மண்டபம் இல்லாட்டி நான் சாக மாட்டேன்.”

மறுநாள் தோணிகள் கரையேறிய பிறகு, சப்னா மீன்பெட்டி ஒன்றைக் கவிழ்த்து அதன்மேல் ஃபோனை வைத்தாள். தொழிலாளிகள் சுற்றி நின்றார்கள். தற்செயலாக அந்தப் பக்கம் வந்த ஹாஜியார், தற்செயலாக இஸ்திரி போட்ட வெள்ளை ஜுப்பாவில் இருந்தார்.

யாரும் ஃபோனைத் தொடவில்லை. விருந்தில் பெரியவர் கை வைக்காமல், பல பேர் சேர்ந்து சாப்பிடும் சஹன் தட்டில் மற்றவர்கள் கை வைப்பதில்லை. அதே மரியாதையோடு ஃபோன் ஹாஜியாரின் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

திரையில் இருந்த தலைவர் தாடியைத் தடவிக்கொண்டு கேட்டார்: “எல்லாருக்கும் சம்மதம்தானே?”

மூன்று பட்டன்கள் வந்தன. ஓம் என்று அமத்தலாம். ஆனால் பக்கத்தில் நின்றவர்களின் கைகளில் துடுப்புகள் இருந்தன. ஏலா என்று அமத்தினால் சப்னா வென்றுவிடுவாள். யோசிக்க வேண்டும் என்று அவர் பதவிக்கு வந்த நாளிலிருந்து ஒப்புக்கொண்டதே இல்லை. ஆகவே திரையைக் கம்பீரமாகப் பார்த்துக்கொண்டே நின்றார்.

‘ஆட்சேபனை இல்லை. ஏகமனதாக நிறைவேறியது’ என்றது ஃபோன். கரையை அடைத்து முள்வேலி எழும்பியது. தோணிகள் றோட்டுக்குப் போயின.

“கரையக் குடுத்துட்டீங்களே ஹாஜியார்!” தோணிக்காரன் ஃபஸ்லான் கத்தினான்.

“நான் ஒண்டும் செல்லலையே!”

“ஒண்டும் செல்லாததாலதான் போச்சு” என்றாள் சப்னா. “நம்மட சங்கத்துல எப்பிடி நிறைவேறுதோ, அப்பிடியே வெச்சிரிக்கேன். போன மாசக் கூட்டத்துக்குப் பொறகுதான் இதச் சேத்தது.”

ஃபஸ்லான் ஃபோனைப் பிடுங்கி, மறுபடி தொடங்கி, கட்டைவிரலால் ஏலாவை நசுக்கினான். திரையில் தலைவர் வியர்த்தார். வேலி எழும்பவில்லை. அடுத்தவன் வாங்கி அமத்தினான், அதற்கடுத்தவனும். ஹாஜியாருக்காக எவரும் காத்திருக்கவில்லை.

“போதும்!” ஹாஜியாருக்குத் தாங்கவில்லை. “ஃபோன்ல வீரம் காட்டுறீங்க. இதே கரைய விடுதிக்குக் குடுக்கப் போன மாசம் தீர்மானம் வாசிச்சமே. அப்ப ஆராச்சும் வாயத் தொறந்தீங்களா?”



“அப்ப தொறக்கல்ல” என்றான் ஃபஸ்லான். “இப்ப தொறக்கிறோம். ஏலா.”

“ஏலா” என்றார்கள் பின்னால் நின்றவர்கள்.

“தீர்மானத்த மாத்த ஏலாது!”

“பாத்தீங்களா” என்றாள் சப்னா, “உங்களுக்கும் அந்தப் பட்டன் தேவப்படுது.”

வெள்ளிக்கிழமையே மறு கூட்டம் என்று அந்த இடத்திலேயே முடிவானது. ஃபோனில் பட்டன் இருந்த இடத்திலேயே இருந்தது.

போன மாதக் கூட்டத்தில் அந்தத் தீர்மானம் வாசிக்கப்பட்டபோது அவர்கள் எல்லோரும் அங்கேதான் இருந்தார்கள். சங்கம் கொடுத்த இனிப்பு வட்டிலப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சப்னா இரண்டாவது துண்டும் கேட்டு வாங்கினாள்.