ரெண்டு கையும் எடுத்தாச்சா

திருகாணி, வயசு இருபத்தஞ்சு, இருக்கிறது கடல் தாண்டி ஒரு லாண்டரிக்கு மேல் மாடி ரூம்ல. அங்க அவன் செஞ்ச மெஷின் வைக்கிற ஈயப்பொட்டு ஒவ்வொண்ணும் அதே நொடியில வீட்டுல அவன் தங்கச்சி மேஜை மேல சுடச்சுட வந்து விழுது. பதினாலு மாசமா இப்படித்தான்.

சின்ன வயசுல கையில கிடைச்சதை எல்லாம் கழட்டிப் போட்டதால வந்த பேரு அது. தங்கச்சிக்கும் அதே கிறுக்கு, ரேடியோ, மணியடிக்கிற கடிகாரம்னு சர்க்யூட் போர்டோடவே குடித்தனம். ஒரு காய்ச்சலுக்கு அப்புறம் அவளுக்குக் கை நடுங்க ஆரம்பிச்சிடுச்சு. அரிசி அளவு இடத்துல ஈயம் பத்தவைக்க முடியல. கடையில விக்கிற சால்டரிங் ரோபோ யானை விலை குதிரை விலை. அதனால இவன் தெருவுல தூக்கிப் போட்ட ரெண்டு பிரிண்டர்லேர்ந்து மோட்டாரும் பெல்ட்டும் உருவி, அவளுக்குன்னு ஒண்ணைச் செஞ்சான். அனுப்புறதுக்கு முன்னாடி அவசரக்குடுக்கை ஒரு தப்புப் பண்ணினான். எந்த மூலையிலேர்ந்து அளக்கணும்னு மெஷினுக்குக் காட்டணும். இவன்கிட்ட போர்டு இல்ல. வீடியோ கால்ல தங்கச்சி போர்டு தெரிஞ்சுச்சு. போனை மெஷினுக்கு அடியில படுக்க வச்சு, ஸ்கிரீன்ல தெரிஞ்ச மூலையையே காட்டிட்டான். மெஷின் நம்பிடுச்சு.

முதல் நாள் நாப்பது பொட்டும் அவ போர்டுல முத்து முத்தா உக்காந்துச்சு. ரேடியோ பாடுச்சு. மறுநாள் ரூம்ல இவன்கூடத் தங்கியிருக்கிற சமையல்காரர் சும்மா பட்டனைத் தட்டப்போய், அங்க வீட்டு மேஜையில கழட்டி வச்சிருந்த அம்மாவோட கண்ணாடிக்கு உடைஞ்ச கால் ஒட்டிக்கிச்சு. "அப்படியே என் கம்மல் திருகையும் பாத்து விடுடா"ன்னு அம்மா சிரிச்சாங்க. மூணாவது வாரம், தங்கச்சி போர்டை நேரா நகத்திக்கிட்டு இருக்கிறப்ப, ஒரு பொட்டு அவ சுண்டுவிரல் நகத்துக்கு ஒரு நூல் தள்ளி விழுந்துச்சு. அதுக்கு யாரும் சிரிக்கல.

 அன்னையிலேர்ந்து பட்டனைத் தொடுறதுக்கு முன்னாடி போன் போட்டுருவான்.

"கைய எடுத்துட்டியா?"

"எடுத்துட்டேன்ணா."

"ரெண்டு கையுமா?"

"பின்ன, மூணாவது கை உனக்குத் தெரியுதா?"

அப்பவும் கேமராவுல காட்டச் சொல்லுவான். மெஷினையே அனுப்பிடலாம்னு பாத்தா, என்ன சாமான்னே புரியலன்னு பார்சல் ஆபீஸ்ல ரெண்டு தடவை திருப்பி விட்டுட்டாங்க.

இந்த வாரத்துலேர்ந்து அவனுக்கு ஷிப்ட் மாறிடுச்சு. வேலைக்குள்ள போறப்பவே போனை வாங்கி லாக்கர்ல வச்சிடுறாங்க. மெஷினை நிறுத்திடலாமான்னு தங்கச்சிகிட்ட கேட்டான். "நிறுத்தினா நான் இந்தக் கைய வேடிக்கை பாத்துக்கிட்டு உக்காரணும்ணா"ன்னா.  மெஷினுக்கு டைமர் வச்சிட்டான். வீட்டு நேரத்துக்கு சாயங்காலம் ஆறு மணி.

இதைப் படிக்கிறது அம்மாவோ, அப்பாவோ, பக்கத்து வீட்டு அக்காவோ, யாரா இருந்தாலும் சரி, ஆறு மணிக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி அந்த மேஜைகிட்ட போய் நில்லுங்க. எடுத்துட்டேன்னு அவ வாயால சொன்னா போதாது. ரெண்டு கையையும் உங்க கண்ணால பாத்துடுங்க.