இந்திராவதி மேடத்தின் வெள்ளைக் குள்ளன்

1

ஒரு பத்திரிகை என்னிடம் வெள்ளைக் குள்ளன் விண்மீன்களைப் பற்றிக் கட்டுரை கேட்டது. இரண்டாவது வரியிலேயே இந்திராவதி மேடம் வந்து நின்றுவிட்டார். கட்டுரை அதோடு முடிந்தது.

2

முதல் தொடக்கம்: "1987 மே மாதம் ஃபிஜியில் ராணுவம் பாராளுமன்றத்துக்குள்..." வேண்டாம். அதை வரலாற்றுக்காரர்கள் எழுதட்டும்.

இரண்டாவது: ஆகஸ்டில் எங்கள் இயற்பியல் மாஸ்டரும், ராணுவத்துக்குப் பயந்த மற்ற இந்தியர்களைப் போல, நாட்டை விட்டு ஆக்லாந்துக்குப் போய்விட்டார். பரீட்சைக்கு ஆறு வாரம். நட்சத்திரப் பாடம் பாக்கி. நவுவா என்ற சிற்றூரில் எங்கள் பள்ளி டைப்பிஸ்ட் இந்திராவதி, பதினோரு வருடம் மாஸ்டரின் நோட்ஸை நகலெடுக்க ஸ்டென்சிலில் அடித்தவர்.

"அடிச்சு அடிச்சு மனப்பாடம் ஆயிடுச்சு சார். நான் சொல்லிக்கொடுக்கவா?" என்று ஹெட்மாஸ்டரிடம் கேட்டார்.

(பேசியதெல்லாம் ஃபிஜி இந்தி. அவருக்குத் தமிழ் கோயிலில் மட்டும். இங்கே பேச வைத்தது நான்.)

3

முதல் நாள் அவர் அழுதார். [பொய். சாக்பீஸை இரண்டு தடவை கீழே போட்டார், அவ்வளவுதான்.]

"சூரியன் மாதிரி நட்சத்திரம் வயசானா ஊதும். மேலே இருக்கிறதெல்லாம் கலைஞ்சு போயிடும். நடுவிலே மிஞ்சுறதுதான் வெள்ளைக் குள்ளன். பூமி அளவு. ஆனா ஒரு ஸ்பூன் அள்ளினா ஒரு லாரி நெல் கனம்."

"அப்புறம் மேடம்?" என்றாள் ரோஷனி.

"பக்கத்து நட்சத்திரத்தை இழுத்துத் தின்னா ஒருநாள் வெடிக்கும். மேகம் மாதிரி வாயுதான் மிச்சம்."

"நம்ம நாடு மாதிரி!" என்றான் சச்சின்.

"அது சிலபஸ்ல இல்லை."

மாதக்கணக்கில் சிரிக்காத வகுப்பு சிரித்தது. (அந்த உவமையை நானும் இரண்டு முறை எழுதி அடித்துவிட்டேன்.)

"ஏன் மேடம் வெடிக்குது?"

"அந்தப் பக்கத்தை மாஸ்டர் எங்கிட்ட கொடுக்கலையே. லைப்ரரியிலே பார்த்துட்டு நாளைக்குச் சொல்றேன்."

சொன்னார்.

4

கடைசி வகுப்பன்று அவருக்கும் கணவர் யோகேந்திராவுக்கும் தலைநகர் சுவாவில் ஆஸ்திரேலிய விசா நேர்காணல். யோகேந்திரா டாக்ஸியோடு வந்து வாசலில் நின்றார்.

"இந்திரா, இன்னிக்கு விட்டா இன்னும் ஒரு வருஷம் ஆகும்!"

"பத்து நிமிஷம்."

"அரை மணியா இதையே சொல்றே!"

கோபத்தோடு உள்ளே வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் அவரும் கை தூக்கினார்.

"நம்ம சூரியன் இப்படி ஆக எத்தனை வருஷம்?"

"ஐநூறு கோடி."

"அப்ப டாக்ஸிக்காரனைக் காத்திருக்கச் சொல்றேன்."

5

வகுப்பில் பதினொரு பேரும் பாஸ். அது நிச்சயம். டிசம்பரில் நானும் சிட்னிக்குப் போய்விட்டேன். மேடமும் யோகேந்திராவும் என்ன ஆனார்கள் என்று விசாரிக்கவில்லை. விசாரித்திருக்கலாம்.

நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள் என்று எழுதினேன். விசா அதிகாரி அதற்குள் கிளம்பிவிட்டார் என்றும் எழுதினேன். சாக்பீஸைக் கீழே வைத்த மேடம், "நான் போகலை" என்று சொன்னதாக

இல்லை, அவருக்காக நான் சொல்லக்கூடாது. டிரைவர் எஞ்சினைப் போட்டுவிட்டார். சுவா ஒரு மணி நேரம். மேடம் இப்போதுதான் கையிலுள்ள சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டு வெளியே வருகிறார். சுவாவுக்கா, வீட்டுக்கா, எந்தப் பக்கம் திரும்புவதென்று டிரைவர் உங்களைத்தான் பார்க்கிறார்.